நாற்பது டாலர் பெட்டி

அச்சகத்திலிருந்து அது வெறும் அட்டைத் தாளாகத்தான் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் வாடகை வீடொன்றில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் அதை மடித்து, சூடான பசை வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டினார்கள். 2008, அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. 500 பெட்டிகளில் ஒபாமா பெயர், இன்னொரு 500இல் மெக்கெய்ன் பெயர். உள்ளே இருந்தது கடையில் வாங்கிக் கொட்டிய, பாலில் போட்டுச் சாப்பிடும் காலையுணவுத் தானியம். பெட்டிக்கு எண் போட்டு, விலை 40 டாலர் என்றார்கள்.

விற்க வந்த சரக்கு உண்மையில் இதுவல்ல. முந்தைய ஆண்டு அக்டோபரில் நகரத்தில் ஒரு வடிவமைப்பு மாநாடு நடந்தது, ஓட்டல்களில் இடமில்லை. வீட்டில் காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்கவைத்து, அந்தப் பணத்தில் வாடகையைச் சமாளித்தார்கள். மென்பொருள் தெரிந்த நேதன் பிளெச்சார்சிக்கும் சேர்ந்ததும் அது இணையதளமானது. இன்றைய ஏர்பிஎன்பி அதுதான். 1.5 லட்சம் டாலர் முதலீடு வேண்டி ஏழு பேரை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள். இருவர் பதிலே போடவில்லை. டென்வரில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த 2008 ஆகஸ்டில் தளத்துக்கு ஆட்கள் வந்தார்கள், மாநாடு முடிந்ததும் போய்விட்டார்கள். கிரெடிட் கார்டுக் கடன்தான் மிச்சம்.

பெட்டி அந்தக் கடனுக்காகப் பிறந்தது. ஒபாமா பெட்டிகள் சில நாளிலேயே தீர்ந்தன. மொத்தத்தில் சுமார் 30,000 டாலர் வந்தது. விற்காத மெக்கெய்ன் தானியத்தை அவர்களே சாப்பிட்டார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு பெட்டி கெபியாவின் பைக்குள் ஏறியது. புதிய நிறுவனங்களுக்குத் தொடக்க முதலீடு தரும் ஒய் காம்பினேட்டரில் நேர்காணல். எடுத்துவர வேண்டாம் என்று பிளெச்சார்சிக் தடுத்தும் கெபியா கேட்கவில்லை. முன்பின் தெரியாதவரை வீட்டில் தங்கவைக்கும் யோசனை அதன் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரகாமுக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும் நேரத்தில் கெபியா பெட்டியை நீட்டி, அதன் கதையைச் சொன்னார். கிரகாம் மனம் மாறியது அங்கேதான். சில டாலர் தானியத்தை 40 டாலருக்கு வாங்கவைக்கத் தெரிந்தவர்கள், கரப்பான்பூச்சி போல எளிதில் சாகமாட்டார்கள் என்று அவர் கணித்தார். 20,000 டாலர் கொடுத்து 6 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் பெட்டியின் வேலை அவ்வளவுதான். அது முதலீட்டாளரைப் பிடித்தது, விருந்தினரைக் கொண்டுவரவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெட்டியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. 2009 தொடக்கத்தில் வாரத்துக்கு 200 டாலர்தான் வருமானம். வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்கள் என்று கிரகாம் கேட்டார். நியூயார்க்கில் என்றார்கள். பின்னே இங்கே என்ன வேலை என்று அனுப்பிவைத்தார். போய்ப் பார்த்தால், வீட்டுக்காரர்கள் போட்டிருந்த படங்கள் இருட்டாக, மங்கலாக இருந்தன. நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக ஏறி அவர்களே படம் எடுத்தார்கள். வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, தளத்தில் எது புரியவில்லை என்று கேட்டார்கள். வார வருமானம் இரட்டிப்பானது. வாடிக்கையாளரைச் சம்பாதித்தது இந்த அலைச்சல்தான் என்பேன்.

அந்த ஏப்ரலில் செக்கோயா கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் முன்வந்து, சுமார் 6 லட்சம் டாலர் முதலீடு சேர்ந்தது. வீடுகளைப் படமெடுக்கும் வேலையைப் பிறகு நிறுவனமே தன் செலவில் புகைப்படக்காரர்களை வைத்துச் செய்தது. 2020 டிசம்பர் 10 அன்று ஏர்பிஎன்பி நாஸ்டாக் பங்குச்சந்தையில் நுழைந்தபோது, 68 டாலருக்கு விற்ற பங்கு 146 டாலரில் வர்த்தகத்தைத் தொடங்கியது.