பத்தியத்தில் கடலைக்கு இடம் உண்டா?



வீட்டில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்துச் சொறிகிறது, அல்லது வயிறு ஓயாமல் பொருமுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் முதலில் என்ன சொல்வார்கள்? "கருவாட்டை நிறுத்து, கத்தரிக்காயை நிறுத்து, கடலையைத் தொடாதே" என்பார்கள். நம் பாட்டிமார் இதைப் பத்தியம் என்றார்கள். இன்றைய மருத்துவர்களும் சில நோய்களுக்கு, ஐயத்துக்குரிய உணவைக் கொஞ்ச காலம் விலக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படியானால் நிலக்கடலையையும் முந்திரியையும் என்ன செய்வது? விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். நெடுந்தொலைவு அல்ல, பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலான்வரை போனால் போதும்.

மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் 1896-ஆம் ஆண்டு ரப்பர் பயிரிட்டார். அந்தக் காலத்தில் இந்நாட்டை உலுக்கிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் தளர்ந்து ஆள் சாய்ந்துவிடுவார். கிருமி என்றார்கள் சிலர். இடத்தின் தோஷம் என்றார்கள் சிலர். ஆனால் ஒன்று எல்லாருக்கும் வியப்பாக இருந்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை இந்நோய் வாரிக்கொண்டு போயிற்று. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் நெருங்கவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதை உற்றுக் கவனித்து, குற்றம் அரிசியில்தான் என்று வாதாடினார்.

1905-இல் டாக்டர் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி. மற்றதற்குப் புழுங்கல் அரிசி. இடத்தின் கோளாறோ என்ற ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். அரிசியை மட்டும் மாற்றவில்லை. வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. வேண்டாம் என்று சொல்ல வழியற்றவர்கள்மீது நடந்த சோதனை அது. அவர்கள் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.

அடுத்து 1907-இல் டாக்டர் பிரேசர், டாக்டர் ஸ்டான்டன் இருவரும் ஜெலுபு வட்டாரத்தில், டுரியான் திப்புசில், சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் நோய் தோன்றியது. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் அரிசியைத் தொடர்ந்து கூட்டம் மாறியது. ஐயம் தீர்ந்தது. தவிட்டோடு போய்விடும் சத்து ஒன்று, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் ஊறித் தங்கிவிடுகிறது. அதைத்தான் பின்னாளில் வைட்டமின் பி1 என்றார்கள். பச்சைப்பயறும் இந்நோயைத் தடுக்கும் என்பதை ஜாவாவில் கிரைன்ஸ் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து ஏற்கெனவே கண்டிருந்தார்.

இந்த வரலாறு நமக்கு இரண்டு பாடம் சொல்கிறது. ஒன்று: காரணம் அறிய வேண்டுமானால் ஒரே ஒரு பொருளை மாற்ற வேண்டும், மாற்றியதைத் திரும்பக் கொடுத்தும் பார்க்க வேண்டும். மற்றொன்று: தின்றதனால் மட்டுமல்ல, தின்னாமல் விட்டதனாலும் நோய் வரும்.

1920-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டாக்டர் ஆல்பர்ட் ரோ, ஒவ்வாமை நோயாளிகளுக்கு இவ்வழியை ஒழுங்குபடுத்தினார். சாதாரணமாகத் தொல்லை தராத சில உணவுகளை மட்டும் கொடுப்பார். நோய் தணிந்ததும், விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார். எது சேரும்போது நோய் திரும்புகிறதோ, அதுவே காரணம்.

ஆக, கடலைமீது ஐயம் இருந்தால் சோதிக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் அதை விலக்கத்தான் வேண்டும். விலக்கினால் முழுதும் விலக்க வேண்டும். கச்சாங் பூத்தே பொட்டலத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, சாத்தே குழம்பையும் ரோஜாக்கையும் முந்திரி அரைத்த குருமாவையும் உண்டால் சோதனை வீண். நிலக்கடலை அவரை, பயறு இனத்தைச் சேர்ந்தது. முந்திரியும் பாதாமும் மரத்தில் காய்ப்பவை. ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் ஆகாது என்பதில்லை. ஆகவே, தனித்தனியாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆனால் கடலை தின்றவுடன் உதடு வீங்கியதா, மூச்சு முட்டியதா? அவரிடம் வீட்டுச் சோதனையே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரணமின்றி விலக்கினாலும் கேடுண்டு. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-இல் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் இலண்டன் ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை அதில் கவனித்தார்கள். தொடக்கத்தில் தோல் சோதனையில் கடலை ஒவ்வாமை காட்டாதவர்களில், கடலையைத் தவிர்த்தவர்களுள் 100-க்கு 13.7 பேருக்கு அவ்வொவ்வாமை வந்தது. சிறு வயதிலேயே உண்டு வந்தவர்களுள் வந்ததோ 100-க்கு 1.9 பேருக்குத்தான். அத்தகைய குழந்தைக்கு முதன்முதல் கடலை கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். எந்தச் சிறு குழந்தைக்கும் முழுக் கடலை கூடாது, தொண்டையில் அடைக்கும். நைசாக அரைத்துக் கொடுப்பதே முறை.

குறைந்த கூலியில் குடும்பம் நடத்திய நம்மவருக்குக் கடலையும் பயறும் மலிவான புரதம். பிள்ளை பெற்றவளின் தட்டிலிருந்தும் வளரும் பிள்ளையின் தட்டிலிருந்தும் அதை எடுத்தால், பருப்போ மீனோ முட்டையோ அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பத்தியம் என்பது உடம்பிடம் நாம் கேட்கும் கேள்வி, அது தீர்ப்பன்று. கேள்வி கேட்டோம், விடை கிடைத்தது என்றால், ஆகாததை விட்டுவிட்டு, ஆகும் உணவை மீண்டும் தட்டில் வைப்போம்.