காப்பாற்றிய வாக்கும் காணாமற்போன தாள்களும்



றிச்மண்ட் ஹில்லில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா மடியில் முடிந்து கொண்டுவந்த சில ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அதற்குள் உண்டு. "இது இன்னும் செல்லுமோ தம்பி?" என்று அவ கேட்கும்போதெல்லாம் எனக்கு 1884ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும்.

அதுவரை இலங்கையில் புழங்கிய நோட்டுகளை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் பெரியது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் காசு தருவோம் என்ற வாக்குத்தான் அந்தத் தாளின் பெறுமதி.

வங்கியோ கோப்பித் தோட்டங்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்திருந்தது. தமிழகத்திலிருந்து வந்த எங்கள் மலையக மக்களின் வியர்வையில் வளர்ந்த கோப்பி அது. 1869இல் இலைநோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் பட்டுப்போயின. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவை மூடியது.

கையில் இருந்த நோட்டு வெறும் கடதாசியாகிவிடுமோ என்று சனம் கலங்கியது. தேசாதிபதி ஆதர் ஹமில்டன் கோடன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுத்தார். அதே ஆண்டில் சட்டம் வந்தது. 1885 முதல் ஐந்து ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை அரசாங்க நோட்டுகள் வெளிவந்தன. ஆனால் அதே வங்கியில் பணம் வைப்பிலிட்டவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. எனக்கு இது இன்றைக்கும் உறுத்தும். நோட்டு வைத்திருந்தவன் தப்பினான், சேமித்தவன் காத்திருந்தான்.

1923இல் இங்கே றொறன்ரோவில் ஹோம் வங்கி முறிந்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அந்தப் பழைய தனியார் நோட்டுகள், முக்கியமாகப் பெரிய தொகைத் தாள்கள், இப்போது காண்பதற்கே அரிது. வாக்கைக் காப்பாற்றியதுதான் காரணம். காசாக மாறுமென்றால் நூறு ரூபாயை யார் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்? மாற்றாமல் மறந்தவர்கள், மாற்றமுடியாமல் போனவர்கள் விட்டுச்சென்றவைதான் சேகரிப்பாளர் கையில்.

கனடாவின் ஆயிரம் டொலர்த் தாள் 2021 தொடக்கம் கடையில் செல்லாது. ஆனால் கனடா வங்கி இன்றும் அதன் பெறுமதியைத் தரும்.

அம்மாவின் நோட்டுகளைப் பற்றி விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"மாத்த வேண்டாம், இருக்கட்டும்" என்கிறா.