சம்பள நாளும் எங்க தெருவும்

மலருக்குப் பழைய கதை ஒண்ணு எழுதித் தாங்கன்னு அக்காமார் கேட்டாங்க. குழுக் கதையை எழுத உட்கார்ந்தால், அதற்கு முன்னால் ஃபேக்டரிக் கதை வந்து நிற்கிறது.

பெர்ன்ஹில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மைசூர் மகாராஜா அரண்மனைதான் ஞாபகம் வரும். அது மேட்டில். நாங்கள் இருந்தது பள்ளத்தில். எங்கள் தெருவில் காசு புழங்கியது இந்துநகர் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸால். 1960ல் மத்திய அரசு ஆரம்பித்த கம்பெனி. 1967ல் உற்பத்தி தொடங்கியது. போட்டோ பிலிம், எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் எல்லாம் அங்கே தயாரானது. தூசி பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால்தான் ஊட்டிக் காற்றைத் தேடி வந்தார்கள். வெளிச்சமும் ஆகாது, பல வேலைகள் இருட்டிலேயே நடந்தன.

எங்க வீட்டில் ஒருத்தரும் அங்கே வேலை பார்த்ததில்லை. அம்மா ஸ்வெட்டர் பின்னி விற்பாங்க. வாங்கினவங்க ஃபேக்டரி வீட்டுக்காரங்க. சம்பள நாள் முடிந்ததும் அம்மா கைக்குக் காசு வரும், மளிகைக்கடை நோட்டில் பாக்கி அடையும், கடைக்காரர் பால்காரருக்குக் கொடுப்பார். ஒரே ரூபாய் தெருவை நாலு சுற்று சுற்றும்.

1991க்குப் பிறகு வெளிநாட்டு பிலிம் பெருகியது. கம்பெனிக்குக் கடன் ஏறியது. 1996ல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்துவிட்டார்கள். பின்னால் டிஜிட்டல் கேமரா வந்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, அந்த வருஷங்களில்தான் பச்சைத் தேயிலை விலையும் விழுந்தது.

அம்மாவின் ஸ்வெட்டர்கள் பெட்டியிலேயே கிடந்தன. கடைக்காரர் கடன் நோட்டை மூடினார். பத்தாவது முடித்த கையோடு நான் நின்றேன். கேரட் கழுவப் போனேன். டியூஷன் எடுத்த அக்கா குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். காசைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று எங்களுக்கு அப்போது புரியவில்லை. குழாய் உடைந்தால், விளக்கு எரியாவிட்டால் மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனது யூனியன் பழக்கம் உள்ள ஃபேக்டரி அண்ணன்கள்தான். வேலை போனதும் அவர்களும் ஊரை விட்டுப் போனார்கள். தெருவிளக்கு அணைந்தது. கேட்க ஆளில்லை. ஏழு மணிக்கு மேல் பெண்கள் வெளியே வருவதில்லை.

தர்மபுரியில் 1989ல் தொடங்கிய மகளிர் குழு வேலை எங்கள் மலைக்கும் வந்தது. நாங்கள் 16 பேர் சேர்ந்தோம். பத்தாவது படித்தவள் என்று தீர்மான நோட்டு என் கைக்கு வந்தது. முதல் மூன்று மாதம் சேமிப்புத் தொகை தவிர வேறெதுவும் எழுதவில்லை. நாலாவது கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டாங்க: "ஏம்மா, இவ்வளவு எழுதறியே, அந்த லைட்டுக்கு ஒண்ணு எழுதக்கூடாதா?"

எழுதினேன். 16 பேரும் கையெழுத்துப் போட்டோம். நாலு பேர் கைநாட்டு. மூன்று தடவை நடந்த பிறகு விளக்கு எரிந்தது. அந்தக் கம்பம் இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் இரண்டு முறை பல்பு போயிருக்கு; இரண்டுக்கும் மனு நாமதான். கைநாட்டு இப்போ ஒண்ணுதான்.