உடல் பருமன் குறைப்பு அறுவைச் சிகிச்சையும் ஊட்டச்சத்து உறிஞ்சலும்

உடல் பருமன் குறைப்பு அறுவைச் சிகிச்சை என்பது மிகையான உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்கியோ, சிறுகுடலில் உணவு செல்லும் பாதையை மாற்றியோ, இவ்விரண்டையும் சேர்த்தோ செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளின் பொதுப் பெயர் ஆகும். இவற்றால் எடை குறைவதோடு இரண்டாம் வகை நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்ற நோய்களும் பலருக்குத் தணிகின்றன. 1987 இல் தொடங்கிய சுவீடன் நாட்டு நெடுங்கால ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு வீதம் குறைந்திருப்பதாக 2007 இல் அறிவித்தது. எனினும் குடலின் எப்பகுதி உணவுப் பாதையிலிருந்து விலக்கப்படுகிறதோ, அப்பகுதியில் உறிஞ்சப்படும் ஊட்டச்சத்துக்களுக்கு வாழ்நாள் முழுவதும் பற்றாக்குறை நேரக்கூடும்.

உறிஞ்சல் நடைபெறும் இடங்கள்

இரைப்பையில் சுரக்கும் அமிலம் உணவிலுள்ள இரும்பை உறிஞ்சத்தக்க வடிவத்திற்கு மாற்றுகிறது. உயிர்ச்சத்து பி12 ஐப் புரதத்திலிருந்து பிரிக்கவும் உதவுகிறது. அமிலத்தைச் சுரக்கும் அதே உயிரணுக்களே பி12 உறிஞ்சலுக்கு இன்றியமையாத அகக்காரணி என்னும் புரதத்தையும் சுரக்கின்றன. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் முன்சிறுகுடலிலும் நடுச்சிறுகுடலின் தொடக்கத்திலும் உறிஞ்சப்படுகின்றன. கொழுப்பும், கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துக்களான ஏ, டி, ஈ, கே ஆகியனவும் உறிஞ்சப்படப் பித்தநீரும் கணைய நீரும் உணவுடன் போதிய தொலைவு கலந்து செல்லவேண்டும். பி12, அகக்காரணியுடன் இணைந்து, பின்சிறுகுடலின் இறுதிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. இவ்வரைபடத்தை நினைவில் கொண்டால் கீழ்க்காணும் முறைகளின் விளைவுகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கலாம்.

கைவிடப்பட்ட முதல் முறை

1954 இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலியோர் சிறுகுடல் மாற்றுவழி முறையைப் பற்றி எழுதினர். பின்னாளில் பரவலான இதன் வடிவத்தில் நடுச்சிறுகுடலின் முதல் 35 செ.மீ. அளவு, பின்சிறுகுடலின் கடைசி 10 செ.மீ. அளவுடன் இணைக்கப்பட்டது. பல மீட்டர் நீளக் குடல் பயனற்றுக் கிடந்தது. எடை குறைந்தது, ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, கல்லீரல் செயலிழப்பு, மூட்டழற்சி ஆகியவை தொடர்ந்தன. சிறுநீரகக் கற்கள் தோன்றிய விதம் குறிப்பிடத்தக்கது. வழக்கமாகக் கால்சியம் குடலில் ஆக்சலேட்டுடன் பிணைந்து அதை மலத்துடன் வெளியேற்றிவிடும். உறிஞ்சப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டதால் ஆக்சலேட்டு தடையின்றிக் குருதியில் கலந்து, சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. 1980 களில் இம்முறை கைவிடப்பட்டது. மருத்துவர்கள் பலர் இத்துறையையே நெடுங்காலம் ஐயத்துடன் நோக்கியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய முறைகள்

இரைப்பைப் பட்டை: இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி, இறுக்கத்தை மாற்றத்தக்க சிலிக்கோன் பட்டை பொருத்தப்படுகிறது. குடல் தொடப்படுவதில்லை, உறிஞ்சலும் மாறுவதில்லை. குறைவாக உண்பதாலும் வாந்தியாலும் மட்டுமே பற்றாக்குறை ஏற்படுகிறது. இன்று இது அரிதாகவே செய்யப்படுகிறது.

குழல் இரைப்பை: இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழல் போல் விடப்படுகிறது. தொடக்கத்தில், மிகப் பருத்த நோயாளிகளுக்கு இடர் மிகுந்த பெரிய அறுவையின் முதற்கட்டமாக இது செய்யப்பட்டது. பலருக்கு முதற்கட்டமே போதுமானதாக இருந்ததால் தனி முறையாக வளர்ந்து, இப்போது உலகில் மிகுதியாகச் செய்யப்படும் முறையாக உள்ளது. பசியைத் தூண்டும் கிரெலின் இயக்குநீர் பெரிதும் சுரக்கும் பகுதி நீங்குவதால் பசியும் குறைகிறது. குடல் முழுமையாக இருப்பதால் இம்முறையில் சத்துக்குறைபாடு வராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. அமிலமும் அகக்காரணியும் குறைவதால் இரும்பு, பி12 குறைபாடுகள் இதிலும் தோன்றுகின்றன.

இரைப்பை மாற்றுவழி: புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிந்திருப்பதைக் கண்ட அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், சிக்காசி இட்டோவுடன் இணைந்து 1966 இல் இதனைத் தொடங்கினார். இன்றைய வடிவில் 15 முதல் 30 மி.லி. கொள்ளளவுள்ள சிறு பை மட்டும் உணவுப் பாதையில் விடப்பட்டு, நடுச்சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. பித்தநீரும் கணைய நீரும் வேறொரு கிளை வழியே வந்து கீழே சேர்கின்றன. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் சேசர் ரூவின் பெயரால் வழங்கும் இவ்விணைப்பு, ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவுடையது. உணவு முன்சிறுகுடலைத் தொடாததால் இரும்பும் கால்சியமும் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆனால் உடல் பெறும் ஆற்றல் குறைவதற்குப் பெருங்காரணம் குறைவாக உண்பதே. உறிஞ்சல் குறைவின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றே என 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது நோயாளி ஆற்றலை இழப்பதைவிட நுண்சத்துக்களையே கூடுதலாக இழக்கிறார்.

பித்தநீர்-கணையநீர் திசைமாற்றம்: இத்தாலியின் ஜெனோவாவைச் சேர்ந்த நிக்கோலா ஸ்கோப்பினாரோ 1979 இல் இதனை அறிமுகப்படுத்தினார். உணவும் செரிமான நீர்களும் ஒன்றாகச் செல்லும் பொதுப் பாதை, இதில் சிறுகுடலின் கடைசி 50 செ.மீ. மட்டுமே. குழல் இரைப்பையுடன் இணைத்துச் செய்யப்படும் முன்சிறுகுடல் மாற்று என்னும் பிந்திய வடிவில் இது 100 செ.மீ. அளவாக நீட்டப்பட்டது. எடைக் குறைவும் நீரிழிவுத் தணிவும் இம்முறைகளிலேயே மிகுதி. சத்துக்குறைபாடும் இவற்றிலேயே மிகுதி. கொழுப்பின் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது. உயிர்ச்சத்து ஏ குறைந்து மாலைக்கண் நோய் வருவதுண்டு. கடும் புரதக் குறைவால் உடல் வீங்கி, பொதுப் பாதையை நீட்ட மறு அறுவை தேவைப்படுவோரும் உளர்.

குறைபாடுகள் வெளிப்படும் காலம்

இக்குறைபாடுகள் ஒரே நேரத்தில் வெளிப்படுவதில்லை. உடலிலுள்ள சேமிப்பின் அளவே இதனைத் தீர்மானிக்கிறது.

தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 இன் சேமிப்பு இரண்டு, மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு, எம்முறை செய்யப்பட்டிருப்பினும், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றுடன் வெர்னிக்கே மூளைநோய் தோன்றலாம். காலம் தாழ்த்தினால் நினைவாற்றல் நிலையாக அழியும். சோர்ந்து வரும் இத்தகையவருக்குத் தயமின் கொடாமல் குளுக்கோசு ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். குளுக்கோசைப் பயன்படுத்த உடலுக்குத் தயமின் தேவைப்படுவதால் எஞ்சியதும் தீர்ந்துவிடுகிறது. தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்த மக்களிடையே முன்னர் பரவலாக இருந்த பெரிபெரி நோயும் இச்சத்தின் குறைவால் வந்ததே.

இரும்புக் குறைவு சில மாதங்களில் தெரியத் தொடங்கும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இது மிகுதி. மாத்திரைகள் பயன்படாதபோது நரம்பு வழியே இரும்பு செலுத்தப்படுகிறது.

பி12 கல்லீரலில் பல ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருப்பதால் குறைபாடு பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதற்குள் பலர் மருத்துவரைச் சந்திப்பதை நிறுத்தியிருப்பர். தாவர உணவில் பி12 இல்லாததால், பால் மட்டும் உட்கொள்ளும் சைவ உணவினருக்குச் சேமிப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருக்கக்கூடும். அகக்காரணி இல்லாமலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பி12 தானாகவே குடற்சுவர் வழியே ஊடுருவும். அதனால்தான் நாள்தோறும் 1000 மைக்ரோகிராம் வரை மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. கால் மரத்துப்போதலும் நடைத்தடுமாற்றமும் செப்புக் குறைவாலும் வரும் என்பதால், பி12 அளவு சரியாக இருப்பின் செப்பையும் பார்க்கவேண்டும். துத்தநாக மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொள்வது செப்புக் குறைவை உண்டாக்கும்.

கால்சியக் குறைவு நெடுங்காலம் மறைந்திருக்கக்கூடியது. குருதியில் அதன் அளவு குறையத் தொடங்கினால் இணைகேடயச் சுரப்பி தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. ஆகவே சோதனையில் கால்சியம் இயல்பாகவே தோன்றும், எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும். அச்சுரப்பியின் இயக்குநீரையும் உயிர்ச்சத்து டி ஐயும் அளந்தால் மட்டுமே உண்மை தெரியும்.

ஈடுசெய்தல்

அமிலம் குறைந்த இரைப்பையில் கால்சியம் கார்பனேட்டு சரியாகக் கரையாது. எனவே கால்சியம் சிட்ரேட்டு விரும்பப்படுகிறது. இரைப்பை மாற்றுவழிக்கும் குழல் இரைப்பைக்கும் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி., முன்சிறுகுடல் மாற்றுக்கு 1800 முதல் 2400 மி.கி. கால்சியம் அமெரிக்க வழிகாட்டல்களில் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே வேளையில் 600 மி.கி.க்கு மேல் உறிஞ்சப்படாததால் இது பிரித்துக் கொடுக்கப்படும். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுப்பதால் அவற்றிடையே இரண்டு மணி நேர இடைவெளி தேவை. தேநீருடன் இரும்பு மாத்திரையை உட்கொள்வதும் பயன் தராது. புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. உணவின் அளவு சிறிதாகிவிட்டதால் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு பெண்களுக்குக் கூறப்படுகிறது. கருவுற்ற காலத்தில் உயிர்ச்சத்து ஏ மிகையானால் கருவுக்குத் தீங்கு நேரும் என்பதால், அது பீட்டா கரோட்டீன் வடிவில் கொடுக்கப்படுகிறது.