நூலக வாயிலும் நம் மாணவரும்

பள்ளியில் தனியே சாக்கில் அமர்த்தப்பட்ட அண்ணல் அம்பேத்கர், 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று நூலகமே வீடெனக் கற்றார். பெற்ற பயனைத் தம்மோடு நிறுத்தாது, 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார்.

நம் மாநிலத்திலும் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதை 1931இல் விதியாகவே வகுத்தார். 1948இல் பொது நூலகச் சட்டம் பிறந்தது.

சட்டம் கதவைத் திறக்கும், தயக்கத்தைப் போக்காது. முதல் தலைமுறையாகக் கற்க வருவோனுக்கு ஆசிரியரின் அறிவுரையினும் உடன்பயில்வோனின் அழைப்பே துணிவூட்டும். ஆதலின், பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் இளைஞர்காள்! புதிதாய் வரும் தம்பி தங்கையரை முதல் வாரத்திலேயே நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்; உறுப்பினர் அட்டை பெற்றுத் தாருங்கள்; நூற்பட்டியலைக் காணும் முறையைக் கற்பியுங்கள். அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.