இராமசாமி சேர்வைக்கு ஒரு சரிதம்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், காவத்தையைக் கடந்த பின்னர் வருவது கொடகவெல. அருகே இறக்குவானை மலைச்சாரல். சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். அட்டனிலும் நுவரெலியாவிலும் காண்பது போலத் தோட்டத்தையடுத்துத் தோட்டமாக இங்கே நிலம் விரிவதில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக லயங்கள் சிதறிக் கிடக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவற்றில் வாழ்கின்றனர்.

இம்மக்கள் நாடகம் அறியாதவரல்லர். மாசி மாதம் பிறந்ததும் காமன் நட்டு இரவு முழுதும் ஆடுவதும், அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கர் கதையையும் கூத்தாக நடத்துவதும் மலையகத் தோட்டங்களின் பழைய மரபு. ஆயினும் அக்கூத்துகளில் தலைவராக விளங்கியோர் தேவரும் அரசரும் வீரருமே. பகலெல்லாம் கொழுந்து பறித்தவனும் பால் வெட்டியவனும் இரவில் மன்னனாக வேடம் பூண்டான். தன்னையே அரங்கில் காணும் வாய்ப்பு அவனுக்கு இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையில் பிறந்து, வர்த்தகர்களுக்கான பத்திரிகையொன்றை நடத்திவந்த இவர், இலங்கைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பினார். தோட்டமோ துரைமாரின் தனிச்சொத்து. அந்நியர் எளிதில் நுழைய இயலாது. ஆகவே புடவை வியாபாரி போல வேடமிட்டு லயங்களுக்குள் சென்றார். பின்னாளில் நாடகம் எழுதிய இவர், முதலில் நடிகராகவே தோட்டத்துள் புகுந்தார் எனல் பொருந்தும்.

1920ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலேயே தங்கிய அவர், ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1925இல் சட்ட நிரூபண சபையில் இடம் பெற்றார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அக்காலத் தொழிலாளியின் துயரம் பெரும்பாலும் கணக்கேட்டில் மறைந்திருந்தது. வழிச்செலவுக்கென்று கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக வளர்ந்தது. கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மனிதனையே மாற்றிக் கொடுத்தது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது, கடன் ஒழியவில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆண்களின் நாட்கூலி மேல்நாட்டில் 54 சதமாகவும், நடுநாட்டில் 52 சதமாகவும், கீழ்நாட்டில் 50 சதமாகவும் நிர்ணயிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. பிரட்டுக்குப் பிந்தியவனுக்கு வேலை மறுக்கப்படலாம். கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’ மட்டுமே விழும்.

இவற்றையெல்லாம் சபையில் எடுத்துரைத்தால் அது அறிக்கையில் பதிவாகும். பத்திரிகையில் எழுதினால் படித்தவர் அறிவர். எழுத்தறியாத தொழிலாளிக்கு எவ்வாறு எடுத்துரைப்பது? இக்கேள்விக்கு விடையாகவே 1937இல் ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் நாடக நூல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளரின் அந்தரப் பிழைப்பே அதன் பொருள். அரிச்சந்திரனுக்கும் நல்லதங்காளுக்கும் உரியதாயிருந்த ‘சரிதம்’ என்ற சொல், இங்கே கூலி என்று அழைக்கப்பட்ட ஒருவனுக்குச் சூட்டப்பட்டது. துரைமார் ஏட்டில் வெறும் பேராக இருந்தவன் வரலாறுடைய மனிதனாக உயர்ந்தான். இந்நாடகத்தின் பெரும் சிறப்பு இதுவே.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையின் பணியும் இதனோடு இணைந்தது. மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் பாடல்களை இயற்றி, மேடைகளில் தாமே பாடினார் அவர். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூலையும் வெளியிட்டார். சங்கத் தலைவர் நுழைய முடியாத தோட்டத்துள்ளும் பாட்டு நுழையும். அதைத் தடுக்கக் காவற்காரனால் ஆகாது. கொடகவெலப் பகுதியைப் போலத் தோட்டங்கள் தனித்தனியே பிரிந்து கிடக்கும் இடங்களுக்கு இவ்வாறான கலையின் தேவை இன்னும் மிகுதி.

நாடகத்தைக் கண்டு தோட்ட முதலாளிகள் அஞ்சியதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1860இல் வங்காளத்தில் தீனபந்து மித்திரர், அவுரித் தோட்டக்காரரின் கொடுமையை ‘நீல தர்ப்பணம்’ என்னும் நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதச் சிறைத்தண்டனை அடைந்தார். நாடகமும் சாட்சி சொல்லும் என்பதை ஆட்சியாளர் அன்றே உணர்ந்திருந்தனர்.

நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். மறு ஆண்டு நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்நெடிய வழக்கில் ஏடுகள் பல முறை அம்மக்களை எண்ணிக்கையாகவே கண்டன. அவர்களுள் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவனுக்கும் ஒரு சரிதம் உண்டென்று 1937இலேயே எடுத்துக்காட்டியது அந்தச் சிறு நாடகம்.