கான் சாகிப்: வரலாறும் கதையும்



கான் சாகிபின் கால் ஒன்று பெரியகுளத்தில் அடக்கப்பட்டுள்ளதாக நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போடிமெட்டு ஏறும் ஜீப்பில் பொழுதுபோக்கப் பேசத் தகுந்த கதைதான். அதில் வரலாறு எவ்வளவு?

மதுரைச் சீமையை நிர்வகித்த முகம்மது யூசுப் கான், கும்பினியையும் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியையும் எதிர்த்து நின்று, 1763, 1764ஆம் ஆண்டுகளில் முற்றுகையைத் தாங்கினார். இறுதியில் பிரெஞ்சுக்காரர் மார்ச்சந்து, திவான் சீனிவாசராவ் முதலிய தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இதுவரை ஆவணம் பேசுகிறது.

இருமுறை கயிறு அறுந்தது, மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்பதும், மீண்டும் எழுந்துவிடுவாரென அஞ்சித் தலையைத் திருச்சிக்கும் கைகால்களைப் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், பெரியகுளம் முதலிய ஊர்களுக்கும் அனுப்பினர் என்பதும் செவிவழிச் செய்திகள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் உள்ளது.

பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் இருக்கிறதே, அது கிராமத்தார் கேட்டு உருகுவதற்கெனப் பாடப்பட்டது. பாட்டுக்காரனிடம் தேதி கேட்பது முறையன்று. ஆயின் அப்பாட்டை ஆவணமாகக் காட்டி மேடையில் முழங்குவதும் முறையன்று.

கூட்டிச் சொல்வதைவிட விட்டுச் சொல்வதே எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது. வெள்ளையரை எதிர்த்த கடைசிக் காலத்தை விரித்துரைக்கும் நாம், அதற்கு முன் அவர் கும்பினியின் சிப்பாய்ப் படைத்தலைவராக இருந்ததையும், 1761இல் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியதையும் விழுங்கிவிடுகிறோம். நெற்கட்டுஞ்செவல் பக்கத்தவர் அதனை மறப்பார்களா? நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர்களோடுதான் அமர்ந்து படிக்கிறார்கள்.

மக்களை அழவைக்கக் கதை கட்டிய உபதேசிகளைக் கண்டித்து, ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்ற ஸனதின் கேள்வியைக் கான் சாகிப் கதைக்கும் போட்டுப் பார்க்கலாம். பெரியகுளத்துக் கால் "என்பார்கள்" என்ற சொல்லோடு நின்றுவிடும்.

1997இல் எலிசபெத் ராணியார் முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கிய திரைப்படம் முடிவடையவில்லை. 'மருதநாயகம்' என்று அதற்குப் பெயர். கும்பினியார் ஏடுகளில் அவர் யூசுப் கான். கதைப்பாடலுக்கோ அவர் கான் சாகிபு.